தொட்டிலின் மேற் பழி

வேலை கேட்டு இளைஞர் வீதிக்கு வரும்போதெல்லாம் நம் நாட்டை ஆளுவோரின் நாவில் ஒரு விடை ஆயத்தமாக நிற்கும். "சனத்தொகை பெருகிவிட்டது, நாம் என்ன செய்யலாம்?" என்பதே அவ்விடை. ஐக்கிய தேசியக் கட்சி ஆண்டபோதும் இதனைக் கேட்டோம். சுதந்திரக் கட்சி ஆண்டபோதும் இதனையே கேட்டோம். கொடியின் நிறம் மாறியது, விடை மாறவில்லை. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி, முன் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை வாசிக்கும் நம் பெரியோர் பலரும் இதனை வேதவாக்காகக் கொண்டு, "இத்தனை பேர் பிறந்தால் இத்தனை பேருக்கும் வேலைக்கு எங்கே போவது?" என்று அயலாருக்குப் போதித்து வந்தனர்.

இவ்விடை முழுப் பொய்யென்று கூற நாம் வரவில்லை. முழுப் பொய்யாயின் அதனை மறுப்பது எளிது. இஃது அரைப்பங்கு உண்மை. மற்றை அரைப்பங்கை மறைப்பதற்காகவே இந்த அரைப்பங்கு உரத்துச் சொல்லப்பட்டது. நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. "ஆட்கள் மிகுதி" என்ற பேச்சு இந்நாட்டில் எழுந்தபோதெல்லாம் அதன் பின்னால் "எந்த ஆட்கள் மிகுதி?" என்ற கேள்வியும் எழுந்தது. அக்கேள்விக்கு விடையாகச் சுட்டுவிரல் நீண்ட திசை எதுவென்பதை வாசகர் அறிவர்.

முதலில் உண்மையான பங்கைப் பார்ப்போம். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இத்தீவிற் கொண்டுபோன உயிர்கள் ஏறத்தாழ எண்பதாயிரம். உலகப் போர் முடிந்த கையோடு நுளம்பை ஒழிக்கும் மருந்து ஊரூராகத் தெளிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு இருபது பேர் வரையில் இறந்த நாட்டில், அடுத்த ஆண்டிலேயே அத்தொகை பதினான்கு அளவுக்கு இறங்கிற்று. பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 1946இல் 141 சிசுக்கள் ஒரு வயது நிறையுமுன் மாண்டன, 1947இல் 101. இப்புண்ணியம் முழுவதும் மருந்துக்கே உரியதா, வைத்தியசாலைகளுக்கும் கூப்பன் அரிசிக்கும் அதிற் பங்குண்டா என்று அறிஞர் இன்னும் வாதாடுகின்றனர். எதுவாயினும் ஆகுக, சாக இருந்த பிள்ளைகள் பிழைத்தன. 1946இற் 66½ இலட்சமாக இருந்த சனத்தொகை 1963இல் ஒரு கோடியே ஐந்தே முக்கால் இலட்சமாயிற்று. 1971இல் ஒரு கோடியே 27 இலட்சத்தை எட்டிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய இருமடங்கு.

இத்தொகையைக் காட்டி மலைத்து நிற்போரிடம் நாம் கேட்பது ஒன்றே. பிறந்த பிள்ளை பிறந்த அன்றே வேலை கேட்கிறதா? 1947இற் பிறந்த பிள்ளை 1952இற் பாடசாலைக்குப் போயிற்று. 1963 அளவிற் பரீட்சை எழுதிற்று. 1967இல் இருபது வயதை அடைந்து வேலை தேடிற்று. இருபது ஆண்டுகள்! தென்னம்பிள்ளை நட்ட கமக்காரன் அது காய்க்கும் ஆண்டை எண்ணி வைத்திருப்பான். அதுவரை குடும்பம் சீவிப்பதற்கு ஊடுபயிரும் இட்டிருப்பான். எழுத்தறியாதவனும் அறிந்த இக்கணக்கு, பதிவாளர் நாயகத்தின் கொப்பிகளையும் புள்ளிவிபரப் பகுதியின் அட்டவணைகளையும் கையில் வைத்திருந்த அரசாங்கத்துக்குத் தெரியாதா?

தெரிந்திருந்தது. 1959இல் வெளியான பத்தாண்டுத் திட்டம் பெருகிவரும் சனத்தொகைக்கு வேலை தேடுவதையே தன் தலையாய கவலைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் பண்டாரநாயக்கா சுடப்பட்டார். திட்டம் அலுமாரிக்குட் போயிற்று.

அதற்கு முந்திய கதையோ இன்னும் கேடானது. 1950, 1951ஆம் ஆண்டுகளிற் கொரியப் போரின் காரணமாக இறப்பரின் விலை ஏறிற்று; நாட்டுக்கு எதிர்பாராத வருவாய் கிடைத்தது. இருபது ஆண்டுகளில் வேலை கேட்டு வரப்போகும் பிள்ளைகள் அப்பொழுது தவழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கென்று அப்பணத்தில் ஒரு பங்கையேனும் தொழிற்சாலையாகவும் இயந்திரமாகவும் மாற்றி வைத்திருத்தல் கூடும். செய்தார்களா? விலை இறங்கியதும் பொக்கிஷம் வெறுமையாயிற்று, 1953இல் அரிசி விலையை ஏற்றினார்கள், ஹர்த்தால் வந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று மரங்களை நம்பிப் பிரித்தானியர் கட்டிவைத்த வீட்டில் ஓர் அறையையேனும் கூட்டிக் கட்டாமல், குடியிருப்போர் தொகை கூடிவிட்டதென்று முறையிட்டார்கள்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனைக் குறைகூற எமக்கு நாவெழாது. ஆயின் படித்துச் சித்தியெய்திய பிள்ளை போகக்கூடிய வாயில் அரசாங்கக் கந்தோர் ஒன்றே என்றிருந்தது. பாடசாலைகள் ஆயிரமாகவும் வாயில் ஒன்றாகவும் இருந்தால் நெருக்குவாரம் ஏற்படாமல் என்ன செய்யும்? 1971இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் பேராசிரியர் டட்லி சியேர்ஸ் தலைமையில் வந்த குழுவினர் கண்டதும் இதுவே. ஆட்தொகை மாத்திரமன்று காரணம்; கல்வி ஊட்டிய எதிர்பார்ப்பு ஒருபுறமும், பொருளாதாரம் கொடுக்கக்கூடிய வேலை மறுபுறமுமாக இருந்தன என்று அவர்கள் எழுதினார்கள். அவ்வாண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேலையற்றோர் நூற்றுக்கு 18.7. இரண்டாண்டுகள் கழித்து மத்திய வங்கி எடுத்த நுகர்வோர் நிதி மதிப்பீட்டில் அது 24.

வாயிலைப் பெருப்பிக்கவில்லை, வரிசையைச் சுருக்கினர்

வேலை குறைவு, ஆட்கள் அதிகம் என்று கண்ட அரசாங்கம் செய்யக்கூடியவை இரண்டு. வேலையைப் பெருக்கலாம்; அன்றேல் வரிசையில் நிற்போரிற் சிலரைப் பிடித்து வெளியே தள்ளலாம். முன்னையது கடினம், பத்தாண்டு, இருபதாண்டு எடுக்கும். பின்னையது ஒரு சட்டத்தில் முடியும். அடுத்த தேர்தலில் வாக்கும் கிடைக்கும்.

1948இல் முதற் கை வைத்தார்கள். மலைநாட்டிற் கண்டிய விவசாயிக்கு நிலமில்லை என்றனர். உண்மைதான், அவனுக்கு நிலமில்லை. அந்நிலத்தை முடிக்குரியதென்று பறித்துக் கோப்பித் தோட்டமும் பின்னர் தேயிலைத் தோட்டமும் ஆக்கியவன் வெள்ளைத் துரை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் துரைமாருக்காக இயற்றப்பட்டதேயன்றிக் கொழுந்து பறித்த பெண்ணுக்காக அன்று. ஆயினும் துரையின் பங்குலாபம் இலண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரசாவுரிமையை இழந்தோர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளரே. நம்மவர் சிலர் அன்று அரசாங்கப் பக்கத்தில் அமர்ந்து இதற்குத் துணைநின்றனர் என்பதை நாம் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதை பிறகு பார்க்கப்படும் என்று ஒப்பந்தமாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பிரித்தனர். ஆடுமாடு பங்கிடுவோரும் எந்தக் கன்று எந்தத் தாயினது என்று பார்ப்பார்கள். சனத்தொகைச் சுமை குறைந்தால் வேலை பெருகும் என்பது உண்மையாயின், இராமானுஜம் கப்பல் தலைமன்னாரிலிருந்து ஏற்றிச்சென்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஈடாக இங்கே ஒரு சிங்கள இளைஞனுக்கு வேலை கிடைத்திருக்கவேண்டும். 1973இல் நூற்றுக்கு 24 பேர் வேலையின்றி இருந்தனர் என்று மேலே கூறினோம். அடுத்த ஆண்டிலே தோட்டப்புறங்களிற் பட்டினிச் சாவும் வந்தது.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றி இவ்வேட்டின் வாசகருக்கு நாம் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். அச்சட்டம் மொழிப்பற்றின் பெயரால் வந்தது. அதனுள்ளே இருந்தது உத்தியோகக் கணக்கு. கந்தோர்க் கதிரைகளைக் கூட்டாமல், கதிரையில் இருப்போரை எழுப்பிவிட்டு வேறொருவரை இருத்தும் ஏற்பாடு அது. சிங்கள இளைஞனுக்கு, "தமிழன் எழுந்தால் உனக்கு இடம்" என்று வாக்களிக்கப்பட்டது.

பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1971 ஏப்பிரல் மாதத்தில் ஆயுதம் ஏந்தி எழுந்தவர்கள் யார்? தமிழரா? இல்லை. தாய்மொழியிற் படித்த, கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளிற் பிறந்தவனுக்கு அப்பொழுது இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது. நுளம்பிடமிருந்து காப்பாற்றி, இலவசமாகப் படிப்பித்து, தமிழனின் கதிரையைத் தருவதாக வாக்களித்து வளர்த்த அப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழனிடமிருந்து பறித்த கதிரைகள் அவர்களுட் கால்வாசிப் பேருக்கும் போதவில்லை. போதாதென்பது 1956இலேயே ஒரு துண்டுக் கடுதாசியிற் கணக்குப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

இரத்தம் காயுமுன் அடுத்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் பழைய மருந்தே; போத்தல் மட்டும் புதியது. தரப்படுத்தல் என்று பெயரிட்டார்கள். 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவன் 227 புள்ளி எடுத்தால் போதும். தமிழ் மொழி மாணவனுக்கு 250 வேண்டும் என்றாயிற்று. பொறியியற் கல்விக்குத் தெரிவானோருள் நூற்றுக்கு நாற்பதாக இருந்த தமிழர் பங்கு அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் இருபதுக்கும் கீழே போயிற்று. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குக் கைகொடுத்தல் வேண்டும் என்பதை நாம் மறுப்பவரல்லர். முல்லைத்தீவும் மன்னாரும் மட்டக்களப்பும் நம்மவைதாமே. மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி வைத்ததையே எதிர்த்தோம். இதனால் வந்த விளைவை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. அந்த மாணவர் தலைமுறை எப்பாதையிற் சென்றதென்பது நம் வீட்டுச் சுவர்களில் மாலையிட்டுத் தொங்கும் படங்களில் இருக்கிறது.

நிலமும் குடியேற்றமும்

வேலையின்மைக்கு மருந்து என்று கூறி நம் நிலத்தில் நடந்த குடியேற்றத்தையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்மேற்கு ஈரவலயத்திற் சனநெருக்கம்; வடகிழக்கிலும் வடமத்தியிலும் வெறுங்காடு; ஆகவே ஆட்களைக் கொண்டுவந்து இருத்துவோம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கல்லோயா 1949இல் தொடங்கிற்று. கந்தளாய், அல்லை, பதவியா என்று தொடர்ந்தன. திருகோணமலை மாவட்டத்தில் 1946இல் ஐந்தில் ஒரு பங்கினராக இருந்த சிங்களவர் 1981இல் மூன்றில் ஒரு பங்கினராயினர். 1956 யூன் மாதத்திற் கல்லோயாவிலே தமிழரின் குருதி சிந்தியது.

அரசியற் கேட்டை ஒருபுறம் வைப்போம். அது வேலையின்மையையாவது தீர்த்ததா என்று கமக்காரனின் கண்கொண்டு பாருங்கள். தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் கொடுத்தனர். பின்னர் அது படிப்படியாகக் குறைந்து, மகாவலித் திட்டத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேடுமாயிற்று. காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி உறுதியில் ஒருவனே உரித்தாளி. குடியேறியவனுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஒருவனுக்கு வயல், மற்றை நால்வர்? அவர்கள் மீண்டும் நிலமற்றோர். பிரச்சினையை ஒரு தலைமுறை தள்ளிவைத்து, இடத்தையும் மாற்றி வைத்தார்கள், அவ்வளவே. அந்த நால்வரிற் பலருக்குப் பின்னாளில் அரசாங்கம் கொடுத்த தொழில் துவக்குத் தூக்குவது. அதுவும் நம் மண்ணிலேதான்.

நம் பங்குக்கும் குற்றமுண்டு. பிறரைக் குறைகூறிவிட்டு நம் முதுகை மறைத்தல் நேர்மையன்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலை மேய்க்கவேண்டும்" என்று பழமொழி கட்டிய சமூகம் நமது. இலிகிதர் உத்தியோகம் பார்த்தவனுக்குச் சீதனம் ஒரு தொகை. பத்துப் பரப்புத் தோட்டத்தில் இரவு பகலாக இறைத்து, மாதம் அவனிலும் இருமடங்கு உழைத்தவனுக்குப் பெண்கொடுக்கத் தயக்கம். இருக்கிற பரப்புக் காணியையும் சீதனமாகத் துண்டு துண்டாக்கி, வேலிக்கு விட்ட இடம் பயிருக்கு விட்ட இடத்திலும் கூடுதல் என்னும் நிலைக்குக் கொண்டுவந்தோம். கொழும்புக் கந்தோரின் கதவு 1956இல் அடைபட்டபோது நமக்குப் பிறகதவு தெரியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்திற் கோபுரங்கள் உயர்கின்றன, கலியாண மண்டபங்கள் எழும்புகின்றன. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு பட்டறை எழும்பக் காணோம். கோயிலை நாம் வெறுப்பவரல்லர். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் இளைஞனின் வேண்டுதல் யாதென்று அக்கோயிலின் முகாமையாளரே கேட்டுப் பார்க்கட்டும்.

வெங்காயம் கற்பித்தது

ஆட்தொகைதான் வேலையின்மைக்குக் காரணம் என்போருக்கு யாழ்ப்பாணத்துக் கமக்காரன் 1970ஆம் ஆண்டுக்கும் 1977ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒரு விடை கொடுத்திருக்கிறான். தரப்படுத்தலைக் கொண்டுவந்த அதே அரசாங்கம், அந்நியச் செலாவணி இல்லாத காரணத்தால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. நம்மீது அன்புகொண்டு செய்ததன்று. நாடு முழுவதும் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அக்கொள்கையின் கொடுமைகளை நாம் அறியாதவரல்லர். ஆயினும் நடந்தது யாது? சனத்தொகை குறையவில்லை, ஒரு பிள்ளையேனும் பிறவாமல் நிற்கவில்லை. விலை நின்றது. அவ்வளவே. நீரிறைக்கும் இயந்திரங்கள் ஊரெங்கும் இரைந்தன. பரீட்சையிற் சித்தியெய்தியும் உத்தியோகம் கிட்டாத இளைஞர் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டனர். களைபிடுங்கவும் பழம் பறிக்கவும் ஆள் கிடைக்காமற் கமக்காரர் அலைந்தனர். ஆட்கள் மிகுதி என்று சொல்லப்பட்ட நாட்டில், கூலிக்கு ஆளில்லை என்று குறைப்பட்ட ஊர்கள் அவை!

1977இற் கதவைத் திறந்தார்கள். வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்திறங்கியது. இங்கு விளைந்தது சந்தையிலே விலைபடாமற் கிடந்தது. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பிள்ளைப்பேறு திடீரெனப் பெருகிற்று என்று எவரும் சொல்லமாட்டார்.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்றுண்டு. மொரீசியஸ் தீவு நம்மைப் போலவே கரும்பு என்னும் ஒரே பயிரை நம்பி வாழ்ந்தது. நம்மைப் போலவே போருக்குப் பின் மலேரியாவை ஒழித்தது. அதனால் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று அளவிற் சனம் பெருகிற்று. 1961இல் ஜேம்ஸ் மீட் என்னும் பொருளியலறிஞர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை அத்தீவின் எதிர்காலத்தை இருளாகவே கண்டது. பின்னர் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். 1968இற் சுதந்திரம் கிடைத்தபோது அங்கும் இனங்களிடையே கலகம் நடந்தது, அங்கும் வேலையில்லை. 1970இல் ஏற்றுமதிக் கைத்தொழிலுக்கென்று சட்டம் இயற்றினர்; கரும்பில் வந்த இலாபத்தைத் தையல் ஆலைகளில் இட்டனர். 1980ஆம் ஆண்டுகளின் முடிவில் வேலையில்லாதோர் மிகச் சிலராயினர். பின்னர் வெளிநாட்டிலிருந்து தொழிலாளரை வரவழைத்தனர். அத்தீவிற் சனநெருக்கம் நமது நாட்டிலும் மிகக் கூடியது. ஐரோப்பியச் சந்தை சீனிக்கு நல்ல விலை கொடுத்தது அவர்களின் அதிர்ஷ்டம் என்பர். இருக்கட்டும். நமக்கும் 1951இல் இறப்பரில் அதிர்ஷ்டம் வந்தது. அதனை எவ்வாறு செலவிட்டோம் என்பதை மேலே கண்டோம்.

பிள்ளைப்பேறு குறையவேண்டுமென்று பேசியோரின் விருப்பம் இந்நாட்டில் எவருடைய வற்புறுத்தலுமின்றியே நிறைவேறிவிட்டது. இந்தியாவில் 1976இற் செய்ததுபோல் ஆட்களைப் பிடித்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருக்கவில்லை. பெண்கள் படித்தார்கள், 1946இல் இருபத்தொரு வயதளவில் விவாகம் செய்தவர்கள் 1981இல் இருபத்துநான்கைக் கடந்த பின்னரே செய்தார்கள். 1953இல் ஒரு தாய்க்குச் சராசரி ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டளவே. 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த நாட்டில் 2023இற் பிறந்தவை இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. 2012ஆம் ஆண்டுக்கும் 2024ஆம் ஆண்டுக்கும் இடையில் எடுத்த குடிசன மதிப்பீடுகளின்படி சனத்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு அரைப்பங்கே வளர்ந்தது. பழி சுமத்தத் தொட்டிலிற் பிள்ளையில்லை. வேலையின்மை எங்கே போயிற்று?

நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று அரசாங்கம் கணக்குக் காட்டுகிறது. அக்கணக்கின் உள்ளே சென்று பாருங்கள். ஒரு வாரத்தில் ஒரேயொரு மணி நேரம் கூலிக்குப் போனவனும் அதில் வேலையுள்ளவன். வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் இரு பங்கினர் வேலை தேடுவோர் என்ற வரிசையிலேயே இல்லை. 24 வயதுக்கு உட்பட்ட இளைஞரை மட்டும் எடுத்தாற் குறைபாடு நூற்றுக்கு இருபதுக்கு மேல். நாடு கடனைக் கட்டமுடியாதெனக் கைவிரித்த 2022ஆம் ஆண்டில், தொழில் தேடி வெளிநாடு செல்லப் பதிவுசெய்தோர் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். அந்த ஆண்டிற் பிறந்த பிள்ளைகளின் தொகையிலும் கப்பலும் விமானமும் ஏறியோர் தொகை பெரிது!

இனி நமது வடக்கைப் பார்ப்போம். சனத்தொகை குறைந்தால் வேலை கிடைக்கும் என்னும் கொள்கையைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த இடம் உலகில் இல்லை. 1981இல் அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில், அதாவது கிளிநொச்சியும் உள்ளிட்ட பகுதியில், 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் இரு மாவட்டங்களையும் கூட்டினாலும் ஏழு இலட்சம் இல்லை. நாட்டின் தொகை அதே காலத்தில் 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாக ஏறிற்று. போரிலே மாண்டோரும் கடல்கடந்தோருமாக நாம் இழந்த சனத்தை எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் குறைத்திருக்க முடியாது. அப்படியாயின் எஞ்சியோர் எல்லாருக்கும் இருவேலை கிடைத்திருக்க வேண்டுமே! 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திற் கச்சேரி வாசலிற் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். ஆட்கள் குறைந்தார்கள், சந்தை அதனிலும் கூடக் குறைந்தது. வாங்குவோன் போனாற் கடைக்காரனுக்கும் வேலை போகும் என்பதைப் பொருளியல் நூலிற் படிக்கவேண்டியதில்லை. பூட்டிய கடைகளைப் பார்த்தாற் போதும். பிள்ளைகளின்றி மூடப்பட்ட ஆரம்பப் பாடசாலைகளோ ஆசிரியருக்கும் வேலை இல்லாமற் செய்தன.

தொகை குறைந்ததனால் நாம் இழந்தது வேறொன்றும் உண்டு. பாராளுமன்ற ஆசனங்களை வாக்காளர் தொகையைக் கொண்டே பங்கிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. வேலை தேடி விமானம் ஏறும் ஒவ்வோர் இளைஞனோடும் நம் வாக்கும் ஏறிப் போகிறது. ஆகவே, "பிள்ளைகள் வெளிநாடு போவது நல்லதுதானே, இங்கே நெருக்கம் குறையும், பணமும் வரும்" என்று நம்முள்ளேயே பேசுவோர் தாம் சொல்வதன் விலையை அறிந்து சொல்லட்டும்.

வேலை எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் இயங்கத் தொடங்கிற்று. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனையிற் காகித ஆலையும் அந்தப் பத்தாண்டிலே எழுந்தன. பொன்னம்பலம் அவர்களின் பிரசாவுரிமை வாக்கை நாம் மன்னிக்கவில்லை. கைத்தொழில் மந்திரியாக அவர் இவற்றுக்கு அடிகோலியதை மறுக்கவும் மாட்டோம். சீமெந்தும் இரசாயனமும் போரினால் முடங்கின. 2009இற் போர் முடிந்த பின்னரும் அவை பழையபடி எழவில்லை. வலிகாமம் வடக்கிலே செம்மண் தோட்டங்களில் ஒரு பகுதி இன்னமும் இராணுவத்தின் கம்பிவேலிக்குள் இருக்கிறது. அந்நிலத்தின் உரிமைக்காரர் வேலையற்றவர் அல்லர், வேலை பறிக்கப்பட்டவர். இதற்குச் சனத்தொகை என்ன செய்யும்?

2020இல் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர் என்ற பெயரிற் கந்தோர்களுக்கு அனுப்பினர். இருக்கக் கதிரையில்லாமலும் செய்ய வேலையில்லாமலும் கையொப்பமிட்டு மீண்டோர் பலர் என்பது அவர்கள் வாய்மொழி. இப்படிப்பட்ட பிச்சையை நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெறவேண்டா. அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது அவர்கள் கேட்க வேண்டியவை வேறு. வலிகாமம் வடக்கின் எஞ்சிய காணி எந்த மாதத்தில் உரியவர் கைக்கு வரும்? நம் வெங்காயமும் மிளகாயும் அறுவடையாகும் மாதங்களில் இறக்குமதித் தீர்வை எவ்வளவு என்பதை நடுகைக்கு முன்னரே கமக்காரனுக்கு அறிவிப்பார்களா, அன்றேல் பயிர் முற்றிய பின் கொழும்பு வியாபாரியின் சௌகரியம் பார்த்து மாற்றுவார்களா? காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் என்ன எழும்பப் போகிறது, எத்தனை பேருக்கு வேலை, எந்த ஆண்டில்? வாக்குறுதி வேண்டா, தொகையும் திகதியும் வேண்டும். இவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கல்விக் கந்தோர்களில் இருக்கிறது. அவர்கள் வேலை கேட்டு வரும் காலத்தில், "இத்தனை பேர் இருப்பது எங்களுக்குத் தெரியாது" என்று எந்த மந்திரியும் சொல்லாதபடி, அப்பட்டியலையே கையிற் கொண்டு சபைக்குப் போகட்டும்.